டெஸ்டர் எரிஞ்சுதுங்க

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே இருக்கட்டும். மோகனப்பிரியா வீடு இதுதானுங்க. நான் அவ மாமனார், நாச்சிமுத்து. வீட்டுல இருந்தே பாக்கற புது வேலைக்காக வீட்டப் பாத்து எழுதிட்டுப் போக கம்பெனியில இருந்து ஆள் வருவாங்கன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கறா. எங்கூட்டுக்காரிக்குக் கண்ணுல விடற சொட்டு மருந்து தீந்துபோச்சு, ரெண்டு பேரும் வண்டியில மருந்துக் கடை வரைக்கும் போயிருக்கறாங்க. வந்துருவாங்க. உக்காருங்க.

இந்தாங்க காபி. பிளாஸ்க்ல ஊத்தி வெச்சுட்டுப் போயிருக்கறா. "அவர் வந்தா காபி குடுங்க மாமா, நான் வர்ற வரைக்கும் வேற எதும் பேச வேண்டாம்"னுட்டுப் போனா. நான் எதுக்குங்க பேசப்போறேன். எனக்குப் பேசற பழக்கமே கெடையாது.

கரண்ட்டப் பத்தி நீங்க கேட்டா மட்டும் சொல்லுவேன். ஏன்னா அது என்ற தொழிலு. முப்பத்திநாலு வருஷம் கரண்ட் ஆபீஸ்ல இருந்தவன். வயர்மேனாச் சேந்து லைன் இன்ஸ்பெக்டரா வெளிய வந்தேன். இந்தப் பெருந்துறையில பாதி கம்பம் நான் நிக்க வெச்சு நட்டது.

ஒரு சந்தேகம் தம்பி. தப்பா நெனைக்காதீங்க. உங்க கையில இருக்கற அந்த அப்ளிகேஷன் பாரம். தலைகீழாப் படிக்கறது எனக்குப் பழக்கமுங்க, மேலதிகாரி டேபிளுக்கு எதிர்ல நின்னே பாதி பைலப் படிச்சவன். அதுல 'போன வேலைய ஏன் விட்டீங்க'ன்னு ஒரு வரி இருக்குது. அதுக்கு நேரா 'பர்சனல்'னு எழுதியிருக்கறா. சொந்தக் காரணம்னு அர்த்தம். இல்லீங்களா?

அது தப்புங்க. அவளுக்குச் சொந்தக் காரணம் ஒண்ணும் கெடையாது. காரணம் நானு. முழுசும் நான்னு சொல்லமாட்டேன். ஆனா நானு.

அவ என்ன வேலை பாத்தான்னு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். அமெரிக்காவுல ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சா அதுக்கு ஒரு நம்பர் உண்டு. இடது கால்னா ஒரு நம்பர், வலது கால்னா வேற நம்பர். ஏணியில இருந்து விழுந்து முறிச்சான்னா அதுக்குத் தனியா ஒண்ணு. டாக்டர் எழுதுனதப் படிச்சுப் படிச்சு இவ இங்க உக்காந்துட்டு நம்பர் போடோணும். நம்பர் மாறிப் போச்சுன்னா அங்க இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கமாட்டான். அதுக்குன்னு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணுனா. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் சும்மா இருந்தவதானுங்க. என்ற பையன் யுவராஜ் குஜராத்துல காத்தாலை மெயின்டனன்ஸ்ல இருக்கறான், மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவான். இவ இங்க எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு இருந்தா. வேலை கெடச்ச பொறகுதான் இந்தப் புள்ள பாட்டு முணுமுணுக்கும்னே எனக்குத் தெரியும்.

மொதல் சம்பளத்துல அத்தைக்குச் சேலை எடுத்தா. எனக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டு. முப்பத்திரெண்டு பிட்டு, சின்னச் சின்னதா, காந்தம் வெச்சது. "உங்களுக்கு இதுதானுங்க மாமா பிடிக்கும்"னா. நல்ல செட்டுங்க. அதப் பத்திச் சொல்றேன்.

ஆடி மாசக் கடைசி, ஒரு திங்கக்கெழம. காலையில ஏழு மணிக்கு அவளுக்கு வேலை ஆரம்பம். ஆறேமுக்காலுக்கு ரூம்ல இருந்து வெளிய வந்தா. "மாமா, லேப்டாப் ஆன் ஆகல. நைட்டெல்லாம் சார்ஜ் போட்டுத்தானுங்க வெச்சிருந்தேன். சார்ஜர்லயும் லைட் எரியல"ன்னா. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். மடக்கி வெச்சுட்டு எந்திரிச்சேன். ரிட்டையர் ஆகி மூணு வருஷத்துல என்னைய ஒருத்தரும் ரிப்பேருக்குக் கூப்பிட்டதில்லீங்க. மிக்ஸி போனாக் கூடக் கடைக்குக் கொண்டு போயிர்றாங்க.

ரூமுக்குள்ள போனேன். சார்ஜரு செவத்துல மாட்டியிருந்துச்சு. லைட் இல்ல. லேப்டாப்ல பட்டன அமுக்குனேன். ஒண்ணும் இல்ல. அப்ப அவ ஒரு வார்த்த சொன்னா.

"மாமா, ஹால்ல இருக்கற பிளக்குல ஒருக்கா மாட்டிப் பாக்கட்டுங்களா?"

தம்பி, இந்த வீட்டுக்கு வயரிங் பண்ணுனது நானு. தொண்ணூத்தி ஆறுல. ஒரு எலக்ட்ரீஷியனையும் உள்ள உடல. ஒவ்வொரு வயரும் நான் இழுத்தது, ஒவ்வொரு திருகும் நான் முறுக்குனது. இருவத்தெட்டு வருஷமா ஒரு பீஸ் போனதில்ல. அந்தப் புள்ள ஒண்ணும் தப்பாக் கேக்கல, அது எனக்கு இப்பத் தெரியுது. அன்னிக்கு எனக்கு எப்படிக் கேட்டுச்சுன்னா, சமையல்காரன் முன்னாடி சோத்த மோந்து பாக்கற மாதிரி.

"அதெல்லாம் வேண்டாம் கண்ணு, இங்கயே பாத்துரலாம்"னு சட்டப் பையில இருந்து டெஸ்டர எடுத்து பிளக் ஓட்டையில வெச்சேன். எரிஞ்சுதுங்க. செவப்பா, நல்லாப் பளிச்சுன்னு எரிஞ்சுது. "பாத்துக்க, கரண்ட் வருது. கோளாறு உன்ற பொட்டியில"ன்னு சொன்னேன்.

அப்பறம் நான் ஒரு வேலை பண்ணுனேன். எங்க ஆபீஸ்ல ஒரு சட்டம் உண்டுங்க. ஒருத்தன் லைன்ல வேலை செஞ்சிட்டிருக்கறப்ப இன்னொருத்தன் கை வெக்கக் கூடாது. உசுரு போயிரும். அதுக்குன்னு ஒரு தகரப் பலகை இருக்கும், 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், சுவிட்சைப் போடாதீர்'னு. ரிட்டையர் ஆனப்ப ஒண்ணு எங்கிட்டயே தங்கிப் போச்சு. லேப்டாப்பையும் சார்ஜரையும் என்ற பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, அந்தப் பலகைய பீரோ கைப்பிடியில மாட்டுனேன். ரிப்பேர்ல இருக்கற பொருள ஆளாளுக்கு நோண்டக் கூடாது பாருங்க.

அவ போன்ல கம்பெனிக்காரங்களக் கூப்பிட்டுப் பேசுனா. புதன்கெழம ஆள் வருவாரு, மாத்து லேப்டாப் கொண்டு வருவாரு, அது வரைக்கும் லீவு போட்டுக்கங்கன்னாங்களாம். எங்கிட்ட வந்து சொன்னா. "மாமா, அவங்களே பாத்துக்கறாங்களாம். நாம ஒண்ணும் பண்ண வேண்டாம். கழட்டறது மட்டும் கூடவே கூடாதுங்களாம். அடியில ஒரு சீல் ஒட்டியிருக்குது, அது கிழிஞ்சா என்ற வேலைக்கே பிரச்சனை. ஆஸ்பத்திரி விவரமெல்லாம் இருக்கற பொட்டி." நான் சரின்னேன். சரின்னு சொன்னது நெஜம்.

அன்னிக்கு மத்தியானம் சார்ஜர மட்டும் எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மாட்டுனாரு, லைட் எரிஞ்சுது. மீட்டர வெச்சுப் பாத்தாரு. "நல்லா இருக்குதுங்க ஐயா, ஒரு கொறையும் இல்ல"ன்னாரு. வீட்டுக்கு வந்து அவ ரூம்ல மாட்டுனேன். எரியல. நீங்களே சொல்லுங்க, கடையில எரியுது, வீட்டுல எரியல. நான் என்ன முடிவுக்கு வந்தேன்னா, கடைக்காரருக்குத் தொழில் தெரியல. உள்ள எங்கயோ லூஸ் கான்டாக்ட் இருக்குது, பஸ்ஸுல குலுங்குனதுல ஒரு சமயம் சேருது, ஒரு சமயம் விடுது. இப்படியெல்லாம் நடக்கும். லைன்ல நான் எத்தனை பாத்திருக்கறேன்.

சாயந்தரம் எங்கூட்டுக்காரி வந்து, "ஏனுங்க, புள்ள ரூம்ல கொசு மிஷினும் எரியலீங்க"ன்னா. மருந்து தீந்திருக்கும், புதுசு வாங்கிப் போடுன்னேன். அவ என்னையவே கொஞ்ச நேரம் பாத்தா. அப்பறம் போயிட்டா. அவளுக்குக் கண்ணுல புரை விழுந்திருந்துச்சு, அப்படித்தான் பாப்பா.

செவ்வாக்கெழம அந்தக் கண்ணுக்குத்தான் ஈரோடு ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னு முன்னாடியே பதிஞ்சு வெச்சிருந்தாங்க. லீவுதானேன்னு மருமகளே கூட்டிட்டுப் போனா. காலையில ஒம்பது மணிக்குப் போனா மத்தியானம் மூணு ஆகும்.

வீட்டுல நான் மட்டும். பீரோவத் தொறந்தேன். இந்த டேபிள் மேல, நீங்க காபி வெச்சிருக்கறீங்களே இங்கத்தான், ஒரு துண்ட விரிச்சு லேப்டாப்பக் கவுத்தி வெச்சேன். பாக்கறதுக்குத்தான். கழட்டறதுக்கு இல்ல. யூடியூப்புல ஒருத்தரு சொன்னாரு, பட்டன முப்பது செகண்டு அமுக்கிப் பிடிச்சா உள்ள தேங்கியிருக்கற கரண்ட் வெளிய போயிரும், அப்பறம் ஆன் ஆகும்னு. அமுக்குனேன். மூணு தடவ அமுக்குனேன். ஆகல. இன்னொருத்தரு சொன்னாரு, உள்ள பேட்டரி ஒயரக் கழட்டி மாட்டோணும்னு.

மோகனப்பிரியா வாங்கிக் குடுத்த செட்டு பக்கத்துலயே இருந்துச்சு. அளவா ஒரு பிட்டு இருந்துச்சு பாருங்க, அச்சா அதுக்குன்னே பண்ணுன மாதிரி. பத்துத் திருகு கண்ணுக்குத் தெரிஞ்சுது. பதினொண்ணாவது அந்த சீலுக்கு அடியில. நகக்கண்ணு அளவு வெள்ளக் காயிதம். ஓரத்துல பிளேடக் குடுத்து மெதுவா எடுத்தேன். முழுசா வரல. பாதிதான் வந்துச்சு.

உள்ள தூசி. பேட்டரி ஒயரக் கழட்டி மாட்டுனேன். மெமரி கார்டு மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அத எடுத்து ரப்பர் வெச்சுத் தொடச்சு மறுபடி வெச்சேன். எல்லாத்தையும் மூடுனேன். ரெண்டு திருகு மிச்சமாயிருச்சு. கனம் கொறையட்டும்னு கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டிருப்பான்... இல்ல, கனம் கூடட்டும்னு. என்னமோ ஒண்ணு. சீலப் பசை தடவி ஒட்டுனேன். அவ ரூமுக்குக் கொண்டு போயி மாட்டிப் பாத்தேன். ஏன் அவ ரூம்லன்னா, எங்க பழுது ஆச்சோ அங்கத்தான் சோதிக்கோணும், அதுதான் முறை. லைட் எரியல. மறுபடி டெஸ்டர வெச்சேன். டெஸ்டர் எரிஞ்சுது.

பூட்டிட்டுப் பலகைய மாட்டிட்டேன். அவங்க வந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவ கேக்கவும் இல்ல.

புதன்கெழம பதினோரு மணிக்கு அந்தக் கம்பெனி ஆளு வந்தாரு. உங்கள மாதிரியே இந்தச் சேர்லதான் உக்காந்தாரு. பழசக் குடுங்கன்னாரு, குடுத்தோம். அந்தா உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கறதே, அந்த பிளக்குல சார்ஜர மாட்டுனாரு. லைட் எரிஞ்சுதுங்க. பட்டன அமுக்குனாரு. லேப்டாப் ஆன் ஆயிருச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. "நான்தானுங்க சரி பண்ணுனேன், பேட்டரி ஒயரக் கழட்டி மாட்டுனேன்"னு சொல்லிட்டேன். கை தட்டோணும்னு எதிர்பாக்கல. ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அந்த ஆளு லேப்டாப்பத் திருப்பிப் பாத்தாரு. சீல விரல்ல தடவிப் பாத்தாரு, போட்டோ எடுத்தாரு. மருமக மூஞ்சியில ரத்தமே இல்ல. அவரு பழசையும் எடுத்துட்டாரு, கொண்டு வந்த புதுசையும் திருப்பி எடுத்துட்டாரு. மேல சொல்லிட்டுத்தான் தர முடியும்னு போயிட்டாரு.

வெள்ளிக்கெழம மெயில் வந்துச்சு. நோயாளிங்க விவரம் இருக்கற கம்பெனிப் பொருள அனுமதி இல்லாமத் தொறந்தது பெரிய குத்தம், வேலையில இருந்து நீக்கறோம்னு. அவதான் தொறந்தான்னு எழுதியிருந்தாங்க. நான்தான்னு நான் சொன்னத அந்த ஆளு மேல சொல்லல போல; அவ பேர்ல இருக்கற பொட்டி, அப்ப அவதான தொறந்திருக்கோணும்.

அவ அழுவான்னு நெனச்சேன். அழுகல. சனிக்கெழம காலையில பையில துணிய எடுத்து வெச்சுட்டு காங்கேயத்துக்கு அவங்கம்மா வீட்டுக்குக் கெளம்புனா. அத்தைகிட்ட மருந்து எந்தெந்த நேரத்துக்குன்னு காயிதத்துல எழுதிக் குடுத்தா. வாசப்படி தாண்டறப்ப எங்கிட்ட நின்னா.

"மாமா, நான் சொன்னதுல எதையாச்சும் ஒண்ண, ஒரே ஒரு தடவ செஞ்சு பாத்திருக்கலாமுங்க."

அவ்வளவுதான். சத்தம் கூடப் போடல.

எனக்குக் கோவங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது. சரி பண்ணிக் குடுத்தவனுக்கு இந்த மரியாதையான்னு இருந்துச்சு. யுவராஜ் போன் பண்ணுனான், அவங்கிட்டயும் இதையேதான் சொன்னேன். லேப்டாப் ஓடுச்சா இல்லையா, அதச் சொல்லுன்னேன். அவன் "ஓடுச்சுங்கப்பா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டான். எங்கூட்டுக்காரி சோறு போட்டா, கொழம்பு ஊத்துனா, பேசல. ஒரு வாரம் இந்த வீட்டுல ஃபேன் சத்தம் மட்டுந்தான்.

அடுத்த ஞாயித்துக்கெழம ஒரு கல்யாணத்துக்குப் போகோணும். சட்டைக்கு இஸ்திரி போடலாம்னு பாத்தா, ஹால்ல எங்கூட்டுக்காரி மொளகா காய வெச்சிருக்கறா. மருமக ரூம்லதான் மேசை காலியா இருக்குது. அங்க போயி இஸ்திரிப் பெட்டிய மாட்டுனேன். பத்து நிமிஷம் ஆச்சு, சூடாகல. இதும் போச்சான்னு டெஸ்டர வெச்சேன். டெஸ்டர் எரிஞ்சுது. பெட்டிய ஹாலுக்குக் கொண்டு வந்து மாட்டுனேன். ரெண்டு நிமிஷத்துல கொதிக்குது.

அங்கயே நின்னனுங்க. பெட்டி கையில. சட்டை தோள்ல.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கரண்ட் போறதுக்கு ஒரு வழி, திரும்பி வர்றதுக்கு ஒரு வழி. வர்ற வழிக்கு நியூட்ரல்னு பேரு. அது விட்டுப் போயிருந்தாலும் டெஸ்டர் எரியும். போற வழியில கரண்ட் இருக்குதான்னுதான் டெஸ்டர் சொல்லும், ஒரு பொருள் ஓடுமான்னு அதுக்குத் தெரியாது. பல்பு மாட்டிப் பாத்தாத்தான் தெரியும். இது எனக்குத் தெரியாததா? புதுசா வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தனுக்கும் மொத நாள் நான் சொல்லிக் குடுக்கறதே இதுதான். மாரப்பன்னு ஒரு வயர்மேன், டெஸ்டர மட்டும் நம்பி ஒரு வீட்டுல மோட்டார் போச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டான். அவன அத்தனை பேரு முன்னாடியும் நிக்க வெச்சுப் பேசுனேன். பாவம், அவனுக்கு அப்பப் புதுசாக் கல்யாணம் ஆகியிருந்துச்சு.

மெயின ஆப் பண்ணிட்டு அந்த பிளக்கக் கழட்டுனேன். நியூட்ரல் திருகு லூசு. ஒயர் கருகி நுனி கருப்பா இருக்குது. ஒயர வெட்டிச் சீவி மாட்டி, திருகுனேன். அரைத் திருகுங்க. அரைத் திருகுல நின்னுருச்சு. கொசு மிஷின் அதே போர்டுல இன்னொரு பிளக்குல சொருகியிருந்துச்சு, மெயினப் போட்டதும் அதும் எரிய ஆரம்பிச்சுது. மருந்து பாதி பாட்டிலு இருக்குது.

அவ சேர்ல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். மேசையில ஒரு நோட்டு இருந்துச்சு. எலும்பு பேரெல்லாம் எழுதி, பக்கத்துல நம்பர் நம்பரா எழுதி, செவப்பு மையில கோடு போட்டு. பரீட்சைக்குப் படிச்சதுபோல. கல்யாணத்துக்கு நான் போகல.

எங்கூட்டுக்காரிகிட்ட ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னேன். அவ கீரை ஆஞ்சிட்டிருந்தா. "எனக்கு அன்னிக்கே தெரியும்"னா. தெரிஞ்சா சொல்றதுக்கென்னன்னேன். "சொன்னனே. கொசு மிஷின் எரியலைன்னு சொன்னனே"ன்னா. தலையத் தூக்கியே பாக்கல.

அப்பறம் உக்காந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு கடுதாசி எழுதுனேன். மூணு பக்கம். ஆபீஸ்ல அறிக்கை எழுதற கை இது, எழுத்து நல்லா இருக்கும். அத எடுத்துட்டு சென்னிமலை வழியா காங்கேயம் போற பஸ்ஸுல ஏறுனேன். அவங்கம்மா வாங்கண்ணான்னு உள்ள கூப்பிட்டு மோரு குடுத்தாங்க. மோகனப்பிரியா வெளிய வந்தா, வாங்க மாமான்னா. உக்காரல. மெலிஞ்சிருந்தா. நான் கடுதாசிய நீட்டுனேன். நின்னுட்டே மூணு பக்கத்தையும் படிச்சா.

முக்கியமான வரி எனக்கு இன்னும் மனப்பாடமுங்க. 'மின் இணைப்பில் நியூட்ரல் வயர் தளர்ந்திருந்தது கண்டறியப்பட்டது. அது உடனடியாகச் சரிசெய்யப்பட்டது. மடிக்கணினியின் முத்திரை அகற்றப்பட்டது குறித்து வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.'

"எல்லாம் சரிங்க மாமா"ன்னா. "ஆனா இதுல ஆளே இல்லீங்களே."

"எந்த ஆளு கண்ணு?"

"முத்திரை அகற்றப்பட்டதுன்னு இருக்குது. யாரு அகற்றுனது?"

நான் சொன்னேன், அறிக்கைன்னா அப்படித்தான் எழுதோணும். டிரான்ஸ்பார்மர் வெடிச்சா 'பழுதடைந்தது'ன்னுதான் எழுதுவோம். யாரால பழுதடைந்ததுன்னு எழுத ஆரம்பிச்சா ஆபீஸ்ல ஒருத்தனும் மிஞ்சமாட்டான்.

அவ சிரிக்கல. உள்ள போயி ஒரு வெள்ளப் பேப்பரும் பேனாவும் கொண்டு வந்து ஸ்டூல் மேல வெச்சா. அவங்கம்மா சமையக்கட்டு வாசப்படியில நின்னுட்டுப் பாத்துட்டு இருக்கறாங்க. சம்பந்தி வீட்டுல, அவங்க முன்னாடி. நான் பேனாவ எடுத்தேன்.

'எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்தது நான். பிளக்கை மாற்றிப் பார்க்கலாம் என்று என் மருமகள் சொன்னாள். நான் கேட்கவில்லை. மடிக்கணினியைக் கழட்டக் கூடாது என்று சொன்னாள். அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் நான் கழட்டினேன். அவளுக்குத் தெரியாது.'

ஆறு வரிதானுங்க. முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி ஒரு அறிக்கை நான் எழுதுனதே இல்ல. கையெழுத்து கோணிக்கிச்சு. ஸ்டூல் ஆடுது, அதுனால.

வாங்கிப் படிச்சா. "பலகைய விட்டுட்டீங்க"ன்னா. பீரோவுல பூட்டி வெச்சதையும் பலகை மாட்டுனதையும் எழுதுனேன். ரெண்டு திருகு மிச்சமானது அவளுக்குத் தெரியாது. அதையும் நானாவே எழுதிட்டேன். எழுத ஆரம்பிச்சா அப்பறம் ஒண்ணும் இல்லீங்க, அதுபாட்டுக்கு வருது.

அவ அதப் போட்டோ எடுத்து இங்கிலீஷ்ல ஒரு மெயிலும் எழுதி அனுப்புனா. பன்னெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. திருப்பிச் சேத்துக்க முடியாது, அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு. ஆனா குத்தம்னு எழுதுனத எடுத்துர்றோம், தானா விலகுன மாதிரி சர்ட்டிபிகேட் தர்றோம்னு. அந்த சர்ட்டிபிகேட்ட வெச்சுத்தான் உங்க கம்பெனிக்கு எழுதிப் போட்டா. அந்த 'பர்சனல்'ங்கறது அதுல இருந்து வந்ததுங்க. மாமனாரக் காட்டிக் குடுக்க வேண்டாம்னு போட்டிருக்கறா. எனக்கு அது வேண்டாம். நீங்க இப்ப எழுதிட்டிருக்கறது அதுதானுங்களா? எழுதுங்க. எழுதிக்கங்க.

அவ திரும்பி வந்தது ஒரு வியாழக்கெழம. நான் போயிக் கூப்பிடல. கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்குது. அத்தைக்குக் கண்ணு ஆபரேசன் தேதி குறிச்சாங்க, அதுக்கு வந்தா. அத்தை குணமான பொறகும் இருந்துட்டா. ஆனா வந்த அன்னிக்கே ஒண்ணு சொன்னா. என்ற ரூமுக்கு நான் சொல்ற எலக்ட்ரீஷியன் வந்து புதுசா வயரிங் பண்ணட்டும், நீங்க பாக்க வேண்டாமுங்க மாமான்னு.

நான் அந்தத் திருகச் சரி பண்ணிட்டேன் கண்ணுன்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லல.

விஜயமங்கலத்துல இருந்து ஒருத்தரு வந்தாரு. முப்பது வயசு இருக்கும். காலையில பத்து மணிக்கு ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்துனாங்க. நான் ஹால்ல உக்காந்திருந்தேன். செவுத்த ஒடைக்கற சத்தம் கேக்குது, என்ற பழைய ஒயர உருவற சத்தம் கேக்குது. உள்ள மருமக ஒவ்வொண்ணாக் கேக்கறா, எர்த் குடுத்தீங்களா, இது எத்தனை ஆம்பியர், பல்பு மாட்டிப் பாத்தீங்களான்னு. அவரு பதில் சொல்றாரு. நாலு மணி நேரமுங்க. தண்ணி குடிக்கக் கூட நான் எந்திரிக்கல.

ஒரு தடவ கதவத் தொறந்து அந்த ஆளு வெளிய வந்தாரு. மெயின எங்க ஆப் பண்றதுன்னு கேட்டாரு. காட்டுனேன். போர்டத் தொறந்து பாத்துட்டு, "யாருங்கய்யா இந்த வயரிங் பண்ணுனது, ஒவ்வொண்ணும் வரிசையா, அழகா இருக்குது"ன்னாரு. பழைய ஆளு ஒருத்தருன்னு சொன்னேன்.

தம்பி, எந்திரிக்காதீங்க. அந்தப் பச்சக் கதவுதான் அவ ரூமு. பூட்டெல்லாம் இல்ல, தள்ளுனாத் தொறந்துக்கும். புது போர்டு, தனியா ஒரு லைனு, இன்வெர்ட்டரும் அதுக்குக் குடுத்திருக்குதுன்னு கேள்வி. நான் உள்ள போயிப் பாத்ததில்லீங்க. அவ கூப்பிடல.

அவ வந்து தொறந்து விடட்டும். நீங்க போயி எல்லாத்தையும் மாட்டிப் பாருங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க. அவளுக்கு எல்லாம் தெரியும். நான் இங்கயே உக்காந்திருக்கறேன்.